சாம்பாருக்கு ஒரு மேல்சபை

கேன்டீன் மேனேஜர் என்பது, ஒரே உப்பைப் போட்டுச் சமைத்துவிட்டு, உப்பு கரிக்கிறது என்று பாதிப் பேரிடமும் உப்பே இல்லை என்று மீதிப் பேரிடமும் திட்டு வாங்குகிற உத்தியோகம். மெஸ்ஸோ ஹாஸ்டலோ நடத்தி நொந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், வாருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அந்த உத்தியோகம் பார்த்தேன். இப்போது ரிட்டயராகி, காலடிப்பேட்டை வீட்டில் டிவி பார்க்கிறேன். மாநிலங்களவைக்கு ஆட்களை நியமிப்பது சரியா, எல்லோருமே தேர்தலில்தான் வர வேண்டுமா என்று நேற்று நாலு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அந்த நாட்கள் ஞாபகம் வந்து மனசு கொஞ்சம் என்னவோ செய்தது.

எங்கள் கேன்டீனை நிர்வாகம் செய்ய ஒரு கமிட்டி உண்டு. தொழிலாளர்கள் ஓட்டுப் போட்டு அனுப்புகிறவர்கள் ஐந்து பேர், கம்பெனி நியமிக்கிறவர்கள் ஐந்து பேர். நியமன ஐவருக்குத் தொழிலாளர்கள் வைத்த பெயர் மேல்சபை.

வஞ்சிர வாக்குறுதி

ஃபிட்டர் மைக்கேல் ராயபுரத்துக்காரர். கமிட்டித் தேர்தலில் நின்றபோது கை கழுவும் குழாயடியில் நின்றுகொண்டு, தான் ஜெயித்தால் புதன்கிழமைதோறும் வஞ்சிர வறுவல் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். அமோகமாக ஜெயித்தார். முதல் கூட்டத்தில் நான் காசிமேட்டில் வஞ்சிரம் விற்கிற விலையைச் சொன்னேன். மைக்கேல் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

அடுத்த புதன்கிழமை விலை மலிவான காணாங்கத்த மீன் வறுவல்தான் போட்டோம். மைக்கேல் வேறு பக்கம் ஓடிப் போகவில்லை. கவுன்டரில் நின்று தன் கையாலேயே பரிமாறினார். ஓட்டு வாங்கியவருக்கு அந்தத் தண்டனை உண்டு, தினமும் அதே வரிசையில் அதே முகங்களைப் பார்த்தாக வேண்டும். தட்டை நீட்டிய ஒரு வெல்டர் மீனைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னா மைக்கேலு, ஓட்டு கேக்கசொல்ல வஞ்சிரம், கெலிச்சப்புறம் காணாங்கத்தயா?"

டிபன் பாக்ஸ் உறுப்பினர்

மேல்சபையில் கணக்குப் பிரிவு அதிகாரி ஒருவர் இருந்தார். நல்ல மனிதர், யாரையும் கடிந்து பேசமாட்டார். தினமும் வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கொண்டுவந்து தன் அறையிலேயே சாப்பிடுவார். கேன்டீன் பக்கம் வந்ததே இல்லை. ஆனால் எங்கள் குழம்பில் எண்ணெய் அதிகம், காரம் அதிகம், இரண்டையும் குறைக்க வேண்டும் என்று கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றிவிட்டார்.

தலைமைச் சமையல்காரர் காசிம் பாயிடம் தீர்மானத்தைப் படித்துக் காட்டினேன். தண்டையார்பேட்டைக்காரர். கல்யாண வீடுகளில் பெரிய பெரிய பிரியாணி தேக்சாக்களை அசராமல் இறக்கியவர். அடுப்பைத் தணித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, நிதானமாகச் சொன்னார்: "நம்ம கொழம்ப ஒரு நாளாச்சும் நாக்குல வெச்சிருப்பாரா அவுரு? அதுக்கு ஓட்டு மட்டும் போட்டுகினு கீறாரு."

டிவியில் வந்த செய்தி

ஒரு மதியம், யாரோ ஒருவரை மாநிலங்களவைக்கு நியமித்த செய்தி கேன்டீன் டிவியில் ஓடியது. மைக்கேல் பிடித்துக்கொண்டார். ஜனங்களிடம் ஒரு ஓட்டுகூடக் கேட்காதவர் ஜனங்களுக்குச் சட்டம் போடுவது என்ன நியாயம் என்றார். மேல்சபையில் இருந்த நலத்துறை அதிகாரி சரோஜா மேடம் பக்கத்து மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த ஐந்து பேரில் எங்கள் சாப்பாட்டைச் சாப்பிட்டவர் அவர் ஒருவர்தான்.

இரண்டு சபைக்கும் ஒரே மாதிரி ஓட்டு வாங்கி ஒரே மாதிரி ஆட்கள் வந்தால் இரண்டாவது சபை எதற்கு என்று மேடம் கேட்டார். ஓட்டுக்குப் பயப்படாமல் "கொஞ்சம் நில்லு" என்று சொல்ல ஒருவராவது வேண்டாமா என்றார். மைக்கேல் சோற்றைப் பிசைந்தபடி சொன்னார்: "மேடம் சொல்றது கரீட்டுதான். ஆனா நியமிச்சவன் மூஞ்சிக்கு நேரா நில்லுன்னு சொல்ல எவனுக்கு தில்லு கீது?"

ஒரு நாள் பிரியாணி

சமையலை வெளி ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்துவிடலாம் என்று கம்பெனி முடிவெடுத்தது. கொடுத்தால் காசிம் பாயும் அவர் கீழே வேலை செய்த பதினாறு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கமிட்டி சம்மதிக்க வேண்டும் என்பது ஒன்றுதான் பாக்கி. ஒப்பந்தக்காரர் கெட்டிக்காரர். ஒரு நாள் மாதிரிக்கு என்று மட்டன் பிரியாணி போட்டார். மொத்தத் தொழிற்சாலையும் மயங்கிவிட்டது. வெள்ளிக்கிழமைதோறும் இதுதான் என்றதும், வேண்டாம் என்று சொன்னால் அடுத்த தேர்தலில் யாரும் சீண்டமாட்டார்கள் என்று ஓட்டில் வந்த எங்கள் ஐந்து பேருக்கும் பயம் வந்துவிட்டது. மைக்கேல்கூடத் தலையைக் குனிந்துகொண்டு கையைத் தூக்கினார். எனக்கு அழுகையே வந்தது.

பத்துப் பேரில் சரோஜா மேடம் மட்டும் கை தூக்கவில்லை. ஒரு உறுப்பினர் எழுத்தில் ஆட்சேபித்தாலும் விஷயத்தை ஒரு மாதம் தள்ளிவைக்க வேண்டும் என்று எங்கள் கமிட்டி விதி ஒன்று உண்டு. யாரும் அதுவரை பயன்படுத்தியதில்லை. மேடம் அங்கேயே ஒரு தாள் வாங்கி எழுதிக் கையெழுத்துப் போட்டார். தலைமை வகித்த பெரிய அதிகாரியின் முகம் சிவந்துவிட்டது. மேடம் அவரிடம் சொன்னார்: "ஒரு நாள் பிரியாணி யார் வேணா போடலாம் சார். இந்த ஒரு மாசம் அவங்களே சாம்பார் ஊத்தட்டும், பார்ப்போம்."

தட்டுகள் திரும்பிய வாரம்

காசிம் பாயின் ஆட்கள் சும்மா நிற்க, ஒப்பந்தக்காரர் சமைத்தார். முதல் வாரம் பாதகமில்லை. இரண்டாவது வாரம் சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருந்தது. மூன்றாவது வாரம் தட்டுகள் நிறைந்தபடியே கழுவுமிடத்துக்குத் திரும்பின. வெள்ளிக்கிழமை பிரியாணியில் மட்டன் போய் முட்டை வந்தது, பிறகு முட்டையும் பாதியானது. மாதம் முடிந்து கமிட்டி கூடியபோது மைக்கேலும் மற்ற நால்வரும் மேடத்தோடு சேர்ந்து ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். கம்பெனி பின்வாங்கியது.

மறுநாள் அடுப்பு பற்றவைத்த வாசனையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். காசிம் பாய் முதல் கரண்டிக் குழம்பைத் தட்டில் ஊற்றி எடுத்துக்கொண்டு மேடத்தின் மேஜைக்கே போனார். ஒப்பந்தப் பேச்சு கிளம்பியதிலிருந்து தன் மகளின் கல்யாணத்துக்குத் தேதி குறிக்காமல் வைத்திருந்ததை அன்றைக்குத்தான் எங்களிடம் சொன்னார். "வேல நிக்கும்னு தெர்ஞ்சாதானேம்மா பத்திரிகை அடிக்க முடியும்."

புதுப் பட்டியல்

கமிட்டியின் காலம் முடிந்தது. கம்பெனி ஒட்டிய புது நியமனப் பட்டியலில் டிபன் பாக்ஸ் அதிகாரி இருந்தார், சரோஜா மேடம் இல்லை. மைக்கேல் நேராக நிர்வாக அலுவலகத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன். நியமிப்பது கம்பெனி விருப்பம், அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்றார்கள். அப்படியானால் எங்கள் பக்கத்தில் அவரை நிறுத்தி ஜெயிக்க வைக்கிறோம் என்றார் மைக்கேல். அதிகாரிகள் தொழிலாளர் பக்கம் போட்டியிட முடியாது என்று விதியை எடுத்துக் காட்டினார்கள்.

வெளியே வந்து தகவல் பலகையில் அந்தப் பட்டியலை மறுபடியும் படித்தோம். மேடம் அந்த வழியாகச் சாப்பிட வந்தவர், எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போய் வழக்கம்போல் தட்டோடு வரிசையில் நின்றார். மைக்கேல் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "நமக்கோசரம் பேசுன ஒரே ஆளு சார். அந்தம்மாவ நாம அனுப்பவும் இல்ல, நம்மால நிறுத்தி வெச்சிக்கவும் முடியல."

மேல்சபையில் ஆளை உட்கார வைப்பது யார் என்று டிவியில் விடிய விடியச் சண்டை போடட்டும், அங்கே உட்கார்ந்தவர் ஒருமுறை வாயைத் திறந்த பிறகு அவரை எழுப்பிவிடுவது யார் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.