பத்து இறாத்தல் சீனி

வாசிகசாலைப் பலகையில் இன்று எழுத மூன்று உண்டு:
1. சீனியை மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக வாங்குவதே சிக்கனம்.
2. இன்று அப்படி வாங்கினேன்.
3. மனைவி சிரித்தாள்.

நாளை பெருநாள். வண்டிக்காரர் பத்து இறாத்தல் மூட்டையைத் தெருவறிய இறக்கினார். உடனே பக்கத்து வீட்டு ஸபியா கோப்பையோடு வந்தார்.

"ஐயா, பலகாரத்துக்கு ஒரு சுண்டு சீனி தாங்களே. உங்கட வீட்டுல மூட்டையே இறங்கிச்சாமே."

கச்சேரியில், அரசாங்கக் கந்தோரில், வேலை பார்த்த காலத்திலும் யாருக்கும் இல்லையென்று சொல்லத் துணியாதவன் நான். கொடுத்தேன். மாலைக்குள் தெருவே வந்துபோனது, மூட்டை காலி.

"மாதம் முழுக்கத் தேத்தண்ணிக்கு என்ன செய்யிறது?" என்று மனைவியிடம் கேட்டேன். அவள் சிரித்தாள்.

"நான் ஏன் தினமும் கால் இறாத்தல் வாங்கிறன் எண்டு இப்ப விளங்குதா? மூட்டையை வச்சுக்கொண்டு இல்லையெண்டு சொல்லேலாது."

கொடுத்ததில் வருத்தமில்லை, நாளை எல்லா வீட்டுப் பலகாரமும் வரும். ஆனால் மேலே எழுதிய முதலாவது பிழை. மறுப்பிருந்தால் கீழே எழுதுங்கள். சீனி மட்டும் கேட்காதீர்கள்.