பார் சுவருக்குக் கொண்டுபோன பன்னிரண்டு மீன்கள்

போன தை மாதம் ஒரு வியாழக்கிழமை, காலை எட்டு மணிக்குப் பெரம்பூரில் பெங்களூர் வண்டி ஏறினேன். கையில் மாற்றுத் துணிகூடக் கிடையாது. இரண்டு தெர்மாகோல் பெட்டிகள், பெட்டிக்கு ஆறு பாக்கெட், பாக்கெட்டுக்கு ஒரு டிஸ்கஸ் மீன். டிஸ்கஸைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: விரித்த உள்ளங்கை அளவில் வட்டமாக, தட்டையாக இருக்கும். என்னுடையவை செங்கல் நிறம், மேலே நீலக் கோடுகள். கொளத்தூரில் எங்கள் மொட்டை மாடி முழுக்கத் தொட்டிகள்தான். இருபது வருஷமாக மீன் வளர்த்து விற்கிறேன்.

ஆர்டர் கொடுத்தது காக்ஸ் டவுனில் புதிதாகத் திறந்திருந்த ஒரு பார். அதன் மேனேஜர் சேலத்துப் பையன், போனில் மரியாதையாகத்தான் பேசினார். “பெரிய சைஸா பன்னண்டு வேணும் மேடம். எங்க சுவத்துல வரணும், பளிச்சுன்னு தெரியணும்.” நான் யாருக்கு மீன் விற்றாலும் முதலில் தொட்டியைக் காட்டச் சொல்வேன். தொட்டியைப் பார்க்காமல் மீன் கொடுத்ததே இல்லை. அதற்காகத் தெருவில் எனக்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர். அவரும் வாட்ஸ்அப்பில் எட்டு நொடி வீடியோ அனுப்பினார். சுவர் நீளத்துக்குத் தொட்டி, பச்சைச் செடிகள், கூட்டமாகத் திரியும் சின்ன மீன்கள், தூசு தும்பு இல்லாத தண்ணீர். பார்த்ததும் மனசு இளகிவிட்டது.

விற்கிற மீன்களில் பெரிதாகப் பத்துதான் இருந்தன. மீதி இரண்டுக்கு என் ஜோடியை எடுத்துவைத்தேன். ஏழு முறை முட்டையிட்ட ஜோடி அது. டிஸ்கஸ் குஞ்சுகள் தாய் தகப்பனின் தோலில் ஊறும் சளியைக் கொத்தித் தின்றுதான் வளரும். அந்தப் பெண் மீன் உடம்பெல்லாம் குஞ்சுகள் மொய்க்க அசையாமல் நிற்பதை நான் சோறு ஆறிப்போகும்வரை பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். கொஞ்ச நாளாக முட்டை நின்றுபோயிருந்தது. இவ்வளவு பெரிய தொட்டியில் இரண்டும் நிம்மதியாக இருக்கட்டும் என்று நினைத்தேன். நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

இரண்டாம் வகுப்பு இருக்கை, நூற்று அறுபது ரூபாய். முந்நூற்று அறுபது கிலோமீட்டர் தூரம், ஐந்தரை மணி நேரம். மீன்களை ஒன்றரை நாள் பட்டினி போட்டு, பாக்கெட்டில் ஆக்சிஜன் அடைத்திருந்தேன். இருபத்துநான்கு மணி நேரம் தாங்கும். எதிரில் இருந்த அம்மா அரக்கோணம் வரை பெட்டியையே பார்த்துவிட்டு, “என்ன மீனும்மா, வஞ்சிரமா?” என்று கேட்டார். வளர்க்கிற மீன், ஒன்று மூவாயிரம் ரூபாய் என்றேன். “மூவாயிரம் குடுத்து வாங்கி, சும்மா பாத்துக்கிட்டு இருப்பாங்களா?” என்று சிரித்தார். குப்பம் ஸ்டேஷன் தாண்டியதும் காற்று சில்லென்று ஆனது. டிஸ்கஸுக்குக் குளிர் ஆகவே ஆகாது. போர்த்தியிருந்த சால்வையைக் கழற்றிப் பெட்டிகளுக்குச் சுற்றிவிட்டு நான் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மதியம் ஒன்று நாற்பதுக்குக் கன்டோன்மென்ட் ஸ்டேஷன். ஆட்டோக்காரர் இருதயராஜ், விவேக் நகர்க்காரர். மூன்று கிலோமீட்டருக்கு நூற்றைம்பது கேட்டார். அநியாயம் என்றேன். “லக்கேஜ் இருக்குதேக்கா, சொல்ப பாத்துக் குடுங்க” என்றார். கன்னடத்தில் சொல்ப என்றால் கொஞ்சம். மீன் என்றதும் மேடு பள்ளம் பார்த்து, ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியை நிறுத்தி நிறுத்தி ஏற்றினார். அந்த நூற்றைம்பதுக்கு நான் அதன் பிறகு முணுமுணுக்கவில்லை. இறக்கிவிட்டுவிட்டு, எதிர்க் கடையில் சாப்பிடப் போவதாகச் சொன்னார்.

இரண்டு பத்து. பழைய பங்களா ஒன்றைப் பாராக மாற்றியிருந்தார்கள். வெளியே கண் கூசும் வெயில். கதவைத் திறந்து உள்ளே போனால் மழை பெய்துகொண்டிருந்தது. ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் டிவித் திரைகள். அதில் கண்ணாடி மேல் மழை வழிகிறது. ஒரு மூலையில் கணப்பு அடுப்பு, விறகு கொழுந்துவிட்டு எரிகிறது, கிட்டே போனால் ஏசிக் குளிர். கல்லாவுக்கு முன்புறம் அருவி. கழிப்பறைக்குப் போகிற நடையில் கூரை முழுக்க மேகம். இரண்டு மேஜைகளில் ஆட்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு பீர் குடித்தார்கள். நிஜ ஜன்னலைப் பலகை அடித்து மூடிவிட்டு அதன் மேல் பொய் ஜன்னலை மாட்டியிருந்தார்கள். எனக்கு அப்போதே எரிச்சல்தான், ஆனால் ஊருக்கு ஊர் ரசனை என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் என் தொட்டியைப் பார்த்தேன். வீடியோவில் பார்த்த அதே செடி, அதே மீன் கூட்டம். கிட்டே போய் நின்றேன். கூட்டம் இடது ஓரம் வரை போய்த் திரும்பியது. மறுபடியும் போய், அதே இடத்தில், அதே மாதிரி திரும்பியது. உள்ளங்கையை வைத்தேன். டிவியைத் தொட்ட மாதிரி லேசான சூடு. காற்றுக் குமிழி விடும் குழாய் இல்லை, வடிகட்டி இல்லை, தண்ணீரே இல்லை. இருபது வருஷம் மீனோடு கிடந்தவள் ஒரு டிவியைத் தொட்டி என்று நம்பி ஐந்தரை மணி நேரம் வந்திருக்கிறேன். காது இரண்டும் சுட்டது.

மேனேஜர் சிரித்த முகமாக வந்தார். “அது ஸ்கிரீன் கம்பெனி குடுத்த சாம்பிள் மேடம். இன்னொரு பார்லயும் இதே மீனுதான் ஓடுது. ஒருத்தர் ரெண்டையும் சேத்து வீடியோ போட்டுக் கிண்டல் பண்ணிட்டார். அதான் ஓனர் நமக்குன்னு ஒரிஜினலா எடுக்கச் சொன்னார்.”

“அப்போ தொட்டி?”

“மாடில வச்சிருக்கோம். அரை மணி நேர ஷூட்தான்.”

“அரை மணி நேரம் கழிச்சு என் மீன் எங்க இருக்கும்?”

“ஸ்டாஃப் யாராச்சும் எடுத்துக்குவாங்க. இல்லன்னா நீங்களே வச்சுக்கங்க மேடம். குடுத்த பணமும் உங்களுக்குத்தான்.”

பெரிய உபகாரம் செய்கிற முகம் அவருக்கு. பெட்டிகளை ஒரு ஊழியர் ஏற்கெனவே மாடிக்குத் தூக்கிப் போயிருந்தார். பின்னாலேயே ஓடினேன்.

மாடியில் பின்னால் கருப்புத் துணி கட்டிய ஒரு ஒல்லிக் கண்ணாடித் தொட்டி, இரண்டு பெரிய விளக்குகள், கேமராவோடு ஒருவர். தண்ணீரில் விரலை விட்டேன், பல் கூசும் குளிர். முகர்ந்தேன், குளோரின் வாடை. காலையில் குழாயிலிருந்து நேராகப் பிடித்தது என்றார்கள். குழாய்த் தண்ணீரை இரண்டு நாள் வைத்து ஆறவிட வேண்டும், சூடேற்ற வேண்டும், பாக்கெட்டை அரை மணி நேரம் மிதக்கவிட்ட பிறகே மீனை விட வேண்டும். இது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். இதில் ஒரு மீனையும் விட மாட்டேன் என்று மேனேஜரிடம் நான் கத்திக்கொண்டிருக்கையிலேயே, முதுகுக்குப் பின்னால் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. கேமராக்காரர் கத்தரியால் இரண்டு பாக்கெட்டுகளை வெட்டிக் கவிழ்த்திருந்தார். தெரிந்து செய்யவில்லை, பெட்டியில் பெரிதாக இருந்ததை எடுத்தார். அது என் ஜோடி.

பயந்தால் டிஸ்கஸ் கருக்கும். இரண்டும் கண்ணெதிரே அடுப்புக்கரி போல ஆயின. “என்னங்க, கலர் போச்சு?” என்றார் கேமராக்காரர், கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமலே. பிறகு தனக்குத்தானே, “பரவால்ல, எடிட்ல ஏத்திக்கலாம்” என்றார். ஆண் மீன் மூலையில் ஒடுங்கியது. பெண் மீன் நேராக மேலே வந்து, தண்ணீருக்கு வெளியே வாயைத் திறந்து திறந்து மூடியது. மறுபடி கீழே போய் மறுபடி வந்தது. நான் போட்ட கூச்சல் கீழே இரண்டு மேஜைக்கும் கேட்டிருக்க வேண்டும். மேனேஜர் கையைக் கூப்பினார். “மெதுவா மேடம், கீழ கஸ்டமர்ஸ் இருக்காங்க. ஆம்பியன்ஸ் கெட்டுடும்.”

அவர் சட்டையைப் பிடிக்காமல் விட்டது என் மீனுக்காக மட்டும்தான். முழங்கை வரை கையை விட்டு இரண்டையும் அள்ளினேன். மிச்சமிருந்த பாக்கெட்டுகளில் ஒன்றைப் பிரித்து, எங்கள் வீட்டுத் தண்ணீரோடு அதை அங்கிருந்த ஒரு ஐஸ் வாளியில் ஊற்றி மூன்று மீனையும் அதில் விட்டேன். தண்ணீர் இருந்தது, ஆக்சிஜன் போய்விட்டது. பெட்டிகளை அந்த ஊழியர் தூக்கிவர, வாளியோடு படியில் இறங்கும்போது கணப்பு அடுப்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

இரண்டு நாற்பது. இருதயராஜ் கை கழுவிக்கொண்டிருந்தார். ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிற மீன் கடை வேண்டும் என்றேன். “சிவாஜிநகர் மார்க்கெட் பின்னாடி இருக்குதுக்கா, ஏறுங்க” என்று பாதி ஈரக் கையோடு வண்டியை எடுத்தார். போகும்போது ஒரு டீ கிளாஸ் கொடுத்தார். வாளித் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினேன். அப்படி ஊற்றினால் கொஞ்சம் காற்றுக் கலக்கும். நெரிசலில் ஒரு பஸ் குறுக்கே நின்றது. “ஏ மாராயா, சைடு கொடு, உள்ள உசிரு போய்க்கிட்டு இருக்குது!” என்று அவர் கன்னடமும் தமிழுமாகக் கத்தினார். பஸ் டிரைவர் யாருக்கு என்ன என்று பயந்து ஒதுங்கிவிட்டார்.

பெண் மீன் கடைக்கு ஒரு தெரு முன்னால் சாய்ந்தது. நிமிர்த்திப் பிடித்தேன். விட்டதும் மறுபடி சாய்ந்தது. செவுள் அசைவு நின்ற பிறகும் ஊற்றிக்கொண்டே இருந்தேன். இருதயராஜ்தான் வண்டியை ஓரம் கட்டி, “போதும்க்கா, மத்த ரெண்டைப் பாக்கலாம்” என்றார். அழுதேன். நடுரோட்டில் ஒரு மீனுக்காக அழுகிறாளே என்று யாராவது சிரித்திருந்தால் அன்றைக்கு அவர்கள் பாடு அவ்வளவுதான். கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் மற்ற இரண்டுக்கும் புதிதாக ஆக்சிஜன் அடைத்துக் கொடுத்தார். பாக்கெட்டுக்கு இருபது ரூபாய். இருதயராஜ் திரும்ப ஸ்டேஷன் வரை வந்தார், போக வர எல்லாவற்றுக்கும் சேர்த்து முந்நூறுக்கு மேல் வாங்கமாட்டேன் என்றார்.

மாலை வண்டியில் பதினொரு மீன்களோடு திரும்பினேன். எங்கள் மாடியில் அழகு ஒன்றும் கிடையாது. பாசி பிடித்த சிமென்ட் தொட்டி, ஒட்டுப் போட்ட குழாய், எந்நேரமும் மோட்டார் இரைச்சல். வருகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். அந்த பாரில் ஒரு வாடை கிடையாது, ஒரு சத்தம் கிடையாது, உயிரோடு இருக்கிற எதற்கும் அங்கே இடமும் கிடையாது. ஆண் மீன் மூன்று நாள் இரை எடுக்கவில்லை, நான்காம் நாள் எடுத்தது. தொட்டியைக் காட்டு என்று கேட்டால் போதாது, நேரில் போய்த் தண்ணீரில் கை விட்டுப் பார்க்க வேண்டும் என்று இப்போது கற்றுக்கொண்டிருக்கிறேன். அந்தப் பாடத்துக்கு விலை கொடுத்தது நான் இல்லை.

ஒரு வாரம் கழித்து மேனேஜர் ஒரு வீடியோ அனுப்பினார். இப்போது அந்தச் சுவர் முழுக்க என் பெண் மீன்தான், ஒன்றே ஆறு மீனாகப் பெருகி, அவள் என்றுமே இல்லாத ரத்தச் சிவப்பில். கீழிருந்து மேலே வருகிறாள், வாயைத் திறந்து திறந்து மூடுகிறாள், கீழே போகிறாள், மறுபடி வருகிறாள். கீழே “சூப்பர் ஹிட் மேடம், பாட்டுப் பாடற மாதிரியே இருக்காம், எல்லாரும் அது முன்னாடி நின்னுதான் போட்டோ எடுக்கறாங்க” என்று எழுதியிருந்தார். காக்ஸ் டவுன் பக்கம் போகிறவர்கள் அந்த பாருக்குள் போனால், அந்தச் சுவர் முன்னால் நின்று போட்டோ எடுக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அது பாடவில்லை, மூச்சு முட்டிச் சாகிறது.