மங்கு கவிழ்த்த பிள்ளைகள்

தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் டீச்சர் வேலை என்றால் கால்வாசி பாடம் நடத்துவது, முக்கால்வாசி பிள்ளைகள் சொல்லாமல் விட்டதைக் கண்டுபிடிப்பது. ஒரே அறையில் மூன்று வகுப்புகளை வைத்துக்கொண்டு மாரடித்தவர்கள் உங்களில் இருந்தால் இதைப் படிக்கும்போதே தலையாட்டுவீர்கள். நான் சுங்கைப்பட்டாணியில் ரயில்வே குமாஸ்தா வீட்டுப் பெண். புக்கிட் செலம்பாவ் பக்கம் ஒரு தோட்டத்துப் பள்ளிக்கு வேலைக்குப் போன நாள்வரை ரப்பர் மரத்தை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

எதைக் கேட்டாலும் ஒரே பதில்

முழங்காலில் ரத்தம் வழிய ஒருவன் வந்து நிற்பான். என்னடா என்றால் "ஒண்ணுமில்ல டீச்சரு" என்பான். காய்ச்சலில் உடம்பு அனலாய்க் கொதிப்பவளும் அதையேதான் சொல்வாள். மூன்றாம் வகுப்பு சரஸ்வதி ஒரு நாள் இடுப்புவரை நனைந்து வந்தாள். சிலேட்டைக் காணோம். எங்கே விழுந்தாய் என்று நான் கேட்ட கேள்விக்கெல்லாம் தரையைப் பார்த்தபடி ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல என்றே முடித்துவிட்டாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இப்படிப் பதில் சொல்ல யார் கற்றுக்கொடுத்தது என்று அதட்டினேன். அதற்கு மட்டும் நிமிர்ந்து பார்த்து ஒழுங்காகப் பதில் சொன்னாள்: "பெரட்டுல மண்டோரு என்ன கேட்டாலும் எங்கப்பா அப்பிடித்தான் சொல்லுவாரு. அப்பத்தான் வேல கெடைக்கும்."

பதினான்கு கொட்டைகள்

விடிவதற்குள் நடக்கும் பெரட்டில்தான் யாருக்கு எந்த வேலை என்று மண்டோர் ஆள் பிரிப்பார். பெற்றவர்கள் அங்கே வாயை மூடினால் பிள்ளைகள் என்னிடமா திறக்கப் போகிறார்கள்? நான் ஒரு வழி செய்தேன். ஸ்டோரில் கிடந்த பழைய மங்குகளை, அதாவது மரத்தில் பால் பிடிக்கும் கோப்பைகளை, வாங்கி வந்து ஆளுக்கொன்றாகப் பெயர் எழுதிச் சுவரோரம் பலகையில் அடுக்கினேன். மனசில் பயமோ கவலையோ இருந்தால் வாயால் சொல்ல வேண்டாம், ஒரு ரப்பர் கொட்டையைப் போட்டுவிடுங்கள், நான் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கிறேன் என்றேன்.

மறுநாள் பார்த்தால் முனியாண்டியின் மங்கில் பதினான்கு கொட்டைகள். ரீசஸ் இடைவேளையில் அவனை மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய், என் சாப்பாட்டில் பாதியைக் கொடுத்து, முதுகைத் தடவி விசாரித்தேன். பையன் பொறுமையாகச் சாப்பிட்டு முடித்துவிட்டுச் சொன்னான்: "கவல இல்ல டீச்சரு, வெளையாட சேத்து வச்சிருக்கேன். எடுத்துறாதீங்க."

நிமிர்த்தி வைத்த பாவி

மழைக்காலம் வந்தது. ஒரு நாள் காலையில் பதினோரு மங்குகள் குப்புறக் கிடந்தன. சேட்டை என்று நினைத்து நிமிர்த்தி வைத்தேன். மறுநாளும் கவிழ்ந்திருந்தன. மறுபடியும் நிமிர்த்தினேன். இப்படி இரண்டு வாரம் அவர்கள் கவிழ்க்க, நான் நிமிர்த்த, கடைசியில் பொறுமை போய் அந்தப் பதினோரு பேரையும் பெஞ்சு மேல் ஏற்றிவிட்டேன்.

மத்தியானம் பால் வெட்டு முடித்துவிட்டுப் பள்ளியைக் கூட்ட வருகிற லெட்சுமி அக்காவிடம் இதைச் சொல்லி அலுத்துக்கொண்டேன். அவர் விளக்குமாற்றை அப்படியே கீழே போட்டுவிட்டார். பதினோரு பேரும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது: கொட்டை போட்டால் நான் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன், யார் சொன்னது என்று தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும். எல்லாரும் சேர்ந்து கவிழ்த்தால் யார் தலையிலும் விழாது. இவ்வளவு யோசித்துச் செய்த பிள்ளைகளை நான் பெஞ்சில் ஏற்றியிருக்கிறேன். வெட்கத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: "சீக்கு மரத்துல வெட்ட மாட்டோம், மங்கைக் கவுத்து வச்சிட்டுப் போயிருவோம். எங்களுக்கு முடியலன்னு புள்ளைங்க சொல்லிருக்கு டீச்சரு, நீங்க நிமுத்தி நிமுத்தி வச்சிருக்கீங்க."

ஆற்றைக் கடந்த விதம்

அன்றைக்கே பள்ளி விட்டதும் அவர்களோடு நடந்தேன். பாலத்தில் பாதி தூரத்துக்குப் பலகையே இல்லை. அங்கே மிச்சம் இருந்தது ஒரே ஒரு மரத்தண்டு, அதன் அடியில் மழைத்தண்ணீர் செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு ஓடியது. சரஸ்வதி ஒன்றாம் வகுப்புத் தம்பியை முதுகில் தூக்கிக்கொண்டு அதன்மேல் போனாள். பாலத்தைப் பற்றி மண்டோரிடம் சொன்ன ஒருவருக்கு மறுநாளே மலைக்காட்டு நிரையில், அதாவது மேட்டு மர வரிசையில், வேலை போட்டார்களாம். ஏறி இறங்கினால் முட்டி கழன்றுவிடும் இடம் அது. அதனால்தான் யாரும் வாய் திறக்கவில்லை.

அக்கரை லயத்தில் பெற்றவர்களைப் பார்த்துப் பேச வேண்டும் என்று நானும் தண்டில் கால் வைத்தேன். இரண்டடிக்கு மேல் நின்று நடக்க முடியவில்லை. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கைகால் ஊன்றித் தவழ்ந்தேதான் போனேன். பிள்ளைகள் சிரிக்கவில்லை. சரஸ்வதி எனக்குக் கை கொடுத்துக் கரையேற்றிவிட்டு ரகசியமாகச் சொன்னாள்: "பயப்படாதீங்க டீச்சரு, நீங்க தவந்து வந்தத நாங்க யாருகிட்டயும் சொல்ல மாட்டோம்."

துரை வந்த நாள்

பாலத்தைச் சொல்ல ஆபீஸ் குமாஸ்தாவான கிராணியிடம் போனேன். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். அதற்கடுத்த வாரம் தோட்டத்து மேனேஜர் துரை பள்ளியைப் பார்க்க வந்தார், பின்னால் கிராணி, அவருக்குப் பின்னால் மண்டோர். உள்ளே நுழைந்த துரை பலகையைப் பார்த்து நின்றுவிட்டார். முப்பத்து நான்கு மங்கும் கவிழ்ந்திருந்தன. இந்தக் கரைப் பிள்ளைகளும் சேர்ந்திருக்கிறார்கள், எனக்கே தெரியாது. ஏன் இப்படி என்று அவருக்குத் தெரிந்த தோட்டத்துத் தமிழில் கேட்டார். நான் சொல்லியிருக்க வேண்டும். மண்டோர் முகத்தைப் பார்த்ததும் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சரஸ்வதி எழுந்தாள். கைகள் பாவாடையைக் கசக்கிக்கொண்டிருந்தன, குரல் மட்டும் தெளிவாக இருந்தது: "பாலம் ஒடஞ்சி கெடக்கு தொர, நேத்து என் தம்பி விழுந்துட்டான். இத எங்கப்பா சொல்லல, நாந்தான் சொல்றேன். மலைக்காட்டுக்கு அனுப்புறதுன்னா என்னைய அனுப்புங்க."

அப்பா வந்தார்

நான்கு நாளில் புதுப் பலகை போட்டார்கள், இரண்டு பக்கமும் கைப்பிடி வேறு. ஆனாலும் எனக்கு நிம்மதி இல்லை. ஒரு மாதம் முழுக்க லெட்சுமி அக்காவிடம் தினமும் ஒரே கேள்விதான் கேட்டேன், சரஸ்வதி அப்பாவின் நிரை மாறியதா என்று. மாறவில்லை. துரை முன்னால் பேச்சு வந்துவிட்டதால் மண்டோர் கை வைக்கப் பயந்துவிட்டார்.

பிறகு ஒரு நாள் அந்த அப்பாவே பள்ளி வாசலில் வந்து நின்றார். மகளைப் பேச வைத்ததற்குத் திட்டப்போகிறார் என்று நான் தயாராக இருந்தேன். அவர் தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு சொன்னார்: "நல்லா இருப்பீங்க டீச்சரு. ஆனா இப்ப நான் கள்ளுக்கடைப் பக்கம் போனா புள்ள ஏன் போனேன்னு வாசல்லயே நிறுத்திக் கேக்குது, ஒண்ணுமில்லன்னா விட மாட்டேங்குது."

அந்தப் பிள்ளைகளை வாய் திறக்க வைக்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது, கொஞ்ச நேரம் வாயை மூட வைக்க மீதிச் சர்வீஸ் முழுவதும் போதவில்லை.