ஞாயிற்றுக்கிழமைச் சட்டை

சிம்பாங் அம்பாட் ஊரை விட்டு நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. லாரி வராத நேரம் பார்த்துச் சாலையோரத்தில் பின்னோக்கிக் கொஞ்சம் நடந்து பார்த்தேன். விழவில்லை. ஆனால் விழப்போகிறவனுக்கு முன்கூட்டியே தெரியுமா என்ன?

வேலி, கேட் செய்யும் பட்டறை ஒன்றில் வெல்டராக இருந்தேன். எல்லாம் துத்தநாகம் பூசிய பைப்புகள். சுட்டால் வெள்ளைப் புகை எழும்பும், நாக்கு இனிக்கும். புதிதாக வருபவனுக்குச் சாயங்காலமே குளிர்காய்ச்சல் அடிக்கும். நாலைந்து நாள் தாக்குப்பிடித்தால் உடம்பு பழகிவிடும். சிக்கல் அதன்பிறகுதான். இரண்டு நாள் லீவு எடுத்தால் பழக்கம் விட்டுப்போய், திரும்பி வரும் அன்று மறுபடியும் காய்ச்சல். அதனால் யாரும் லீவு கேட்கமாட்டோம். ஞாயிற்றுக்கிழமைகூட, துவைக்காத வேலைச்சட்டையை வீட்டில் போட்டுக்கொண்டு திரிவோம். அதில் ஒட்டியிருக்கும் தூளை முகர்ந்துகொண்டே இருந்தால் திங்கட்கிழமை காய்ச்சல் வராது. எனக்கு அதைச் சொல்லித் தந்தவர், என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த அண்ணன். பட்டறையில் பழைய கை.

அவர் மாறிக்கொண்டிருந்ததை நாங்கள் சோம்பல் என்றுதான் நினைத்தோம். பேச்சு முணுமுணுப்பாகப் போயிற்று. முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. சட்டைப் பொத்தானைப் போடவே வெகுநேரம் பிடித்தது.

"என்ன அண்ணே, புது மாப்பிள்ளை மாதிரி குனிஞ்ச தலை நிமிராம நடக்கிறீங்க?" என்று ஒருவன் கேட்டான்.

"போடா," என்றார். அந்த ஒரு சொல்லும் மெதுவாகத்தான் வந்தது.

ஒருநாள் கேட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தவர், மரம் சாய்வதுபோல மல்லாக்க விழுந்தார். செபராங் ஜெயா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தலையைப் படம் எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். முடிவு சொல்ல மறுநாள் வரச் சொன்னார்கள். மறுநாள் போனபோது தமிழ்ப் பெண் டாக்டர் ஒருவர் அவரைச் சட்டையைக் கழற்றச் சொன்னார். வெளிச்சட்டைக்கு அடியில் அண்ணன் வேலைச்சட்டையைப் போட்டிருந்தார். கழற்றியபோது சுத்தமான தரையில் வெள்ளைத்தூள் உதிர்ந்தது.

"இது எதுக்குண்ணே?" என்று கேட்டார் டாக்டர்.

"ரெண்டு நாள் வேலைக்குப் போகலைல. காய்ச்சல் வந்திரும்லா."

டாக்டர் சிரிக்கவில்லை. துத்தநாகம் கொஞ்சம் மூளைக்கும் வேண்டியதுதான், ஞாபகத்துக்கு உதவும், அதைச் சாப்பாட்டில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். புகையாக உள்ளே போனால் காய்ச்சல் கொடுத்து எச்சரித்துவிடும். இவரைப் பிடித்தது வேறொன்று. வெல்டிங் ராடிலும் இரும்பிலும் இருக்கும் மாங்கனீஸ். அதுவும் துளியளவு உடம்புக்குத் தேவை. சாப்பாட்டில் கூடினால் ஈரல் வெளியே தள்ளிவிடும். மூச்சில் போனால் ஈரலுக்குத் தப்பி மூளைக்குப் போய், கைகால் அசைவைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் தங்கிவிடும். காய்ச்சல் கிடையாது, இனிப்பும் கிடையாது.

"புகை பக்கமே போகாதீங்க. இனிமே கூடாம பார்த்துக்கலாம். போனது முழுசா திரும்புமான்னு சொல்ல முடியாது."

"வேற வேலை தெரியாதும்மா," என்றார் அண்ணன்.

பட்டறையில் விஷயத்தைச் சொன்னேன். "மூளையில படியுதாம்லா!" என்று ஒருவன் கத்தினான். "அப்போ உனக்குப் பயமில்ல மச்சான். படியிறதுக்கு இடம் வேணும்ல?" என்றான் இன்னொருவன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்கடுத்த நாள் காலையில் அண்ணன் வேலைக்குக் கிளம்பினார். பொத்தானைப் போட முடியாமல் என்னைப் பார்த்தார். போட்டுவிட்டேன். அவர் போனதும் பையை எடுத்தேன். கூட வாருங்கள் என்று கூப்பிடவில்லை. வரமாட்டார்.

பஸ் பிடித்து, கடல் தாண்டும் பெரிப் படகில் ஏறி எதிர்க்கரைத் தீவுக்கு வந்து, கடைகளின் முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதையில் ஒரு படுக்கை பிடித்தேன். நான் படித்தது ஆரம்பப்பள்ளி வரைக்கும். கையில் இருந்தது ஒரே தொழில். அதை யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன்.

மறுநாள் காலை கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு நாசி கண்டார் சோற்றுக்கடையில் தட்டு கழுவும் வேலை கேட்டேன். முதலாளி உடனே சரி என்றார். சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு தொட்டியில் கைவைத்தேன். அவர் என் முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொறி பட்ட தழும்பா இருக்கே தம்பி. வெல்டிங்கா?"

பொய் சொல்ல வாயைத் திறந்தேன். தழும்புகள் முந்திக்கொண்டன.

"பின்வாசல் கிரில் கதவு ஒடஞ்சு கெடக்கு. ஆள் கூப்பிட்டா வரேன் வரேங்கிறான், வரமாட்டேங்கிறான். பக்கத்துக் கடையில வெல்டிங் மெஷின் இருக்கு. செஞ்சு குடுத்துட்டு மாடியிலயே தங்கிக்க."

"தட்டு கழுவறேன் முதலாளி."

"தட்டு கழுவ யார் வேணும்னாலும் வருவாங்க லா."

மெஷினை வாங்கிக்கொண்டு கடைக்குப் பின்னால் இருந்த சந்துக்குப் போனேன். இருபக்கமும் சுவர், காற்று இல்லை. கிரில் துத்தநாகம் பூசிய பைப். ஈரத்துணியை மூக்கில் கட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு ராடைத் தட்டினேன். ஒரு ராடு எரிந்து முடியும்வரை யாராலும் மூச்சை அடக்க முடியாது.