மடித்துணிக்காக அடைத்த ஓட்டைகள்

மெட்ராஸில் ஏது மண்சரிவு என்று கேட்பவர்கள், எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் குடியிருந்த காலனியைப் பார்த்ததில்லை. கோட்டூர்புரத்தில் ஆற்றங்கரைச் சரிவில் லாரி லாரியாக மண் கொட்டி, மேல் வரிசை, கீழ் வரிசை என்று வீடுகள் கட்டியிருந்தார்கள். நாங்கள் கீழ் வரிசை. மேல் வரிசையின் தரை எங்கள் ஜன்னலின் மேல் விளிம்பு உயரத்தில் இருந்தது. அந்த மண் எங்கள் தலையில் இறங்காமலிருக்க நடுவே ஒரு கருங்கல் சுவர். சுவருக்கும் எங்கள் பின்னறைக்கும் நடுவே நாலு முழக் கொல்லை. பின்னறையில் எட்டு மாதக் குழந்தையின் தொட்டில்.

சுவரில் இடுப்புயரத்தில் வரிசையாக ஓட்டைகள். மண்ணில் ஊறும் தண்ணீர் வெளியேறுவதற்காக விட்டவை. மேல் வரிசையின் குளியல் தண்ணீர் தென்னைக்குப் பாய்ந்தது போக மிச்சம் அவற்றின் வழியே எங்கள் கொல்லையில் சொட்டும். அங்கேதான் மாமியாரின் மடிக்கொடி. அதில் உலரும் ஒன்பது கஜப் புடவையை அவரைத் தவிர யாரும் தொடக்கூடாது.

"மேலாத்துக்காரா குளிச்ச ஜலம் என் புடவையிலே தெறிச்சா, நான் எதைக் கட்டிண்டு சுவாமி விளக்கேத்தறது?" என்றார்.

கீழ் வரிசையின் அத்தனை மாமியார்களுக்கும் அதே கவலை. ஓட்டைகளை அடைக்கச் சொல்லிக் குடியிருப்போர் சங்கத்துக்கு மனு எழுதினோம். ஆழம் கூடக் கூட நீரின் அழுத்தமும் கூடும் என்று பரீட்சையில் எழுதி பி.எஸ்ஸி. வாங்கியவள் நான். மனுவில் முதல் கையெழுத்தும் என்னுடையதுதான். சங்கத்தின் செயலாளர் ஓய்வுபெற்ற எஞ்சினியர். பெரிய பாலங்கள் கட்டியவர் என்று அவரே சொல்வார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கூட்டத்தில் எழுந்த ஒரே ஆட்சேபணை பக்கோடா ஆறிவிட்டது என்பதுதான்.

கொத்தனார் வந்து ஓட்டைகளைச் சிமெண்டால் அடைத்துவிட்டுப் போனார். ஐப்பசி மழை பிடித்தது. மூன்றாம் நாள் காலை சுவரில் கண்ட விரிசலில் தீக்குச்சி நுழைந்தது. மத்தியானம் பென்சில் நுழைந்தது. கணவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே, "குழந்தை தும்மினாலே டாக்டர்ங்கறவ நீ" என்றார். உண்மைதான். முந்தின வாரம்தான் ஒரு தும்மலுக்காக அடையாறு வரை போய் வந்திருந்தேன். அதனால் என் பயத்தை நானே நம்பவில்லை. இருந்தாலும் குடையோடு செயலாளர் வீட்டுக்குப் போனேன்.

"நூறு வருஷம் நிக்கும்மா. சுவர்னா கொஞ்சம் மூச்சு விடும்" என்றார். அவர் வீடு மேல் வரிசை.

திரும்பும் வழியில், ஓட்டைகளை அடைத்த கொத்தனாரே எதிர்ப்பட்டார். கூட்டி வந்து காட்டினேன்.

"இன்னாம்மா இது! நெறமாசக்காரி கணக்கா சொவுரு வயித்தத் தள்ளிக்கினு கீது! நீங்கதான மனு எழுதிக் குட்த்தீங்க?"

"நீங்கதானே அடைச்சீங்க?"

"படிச்சவங்க அடைன்னா அடைப்பேன் தாயி. தொறன்னு சங்கத்துல சொல்லட்டும், தொறக்கறேன்." போகும்போது, "கொயந்தைய அந்த ரூம்ல போடாத" என்றார்.

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. குழந்தையை வாசல் அறைக்கு மாற்றினேன். கொல்லையில் ஓரமாக நின்று, தேங்காய் உரிக்கும் கடப்பாரையால் ஓட்டையில் இருந்த சிமெண்டை இடித்தேன். ஏழெட்டு இடியில் அது உடைந்தது. செம்மண் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு நேராக மடிப்புடவையில் பாய்ந்தது. பயத்தில் அடுத்த ஓட்டையையும் இடித்தேன்.

மாமியார் வந்து பார்த்தார். "புடவையை எடுத்துட்டு இடிச்சிருக்கப்படாதோ?"

"நான் தொட்டா மடி போயிடுமேம்மா."

அவரே புடவையைக் கொடியிலிருந்து உருவி, மறுபடி நனைக்க எடுத்துப்போனார்.

சாயங்காலம் செயலாளர் வந்தார். "சங்கத்தைக் கேக்காம பொதுச் சுவரிலே கை வைக்கலாமோ?"

"தப்புதான் மாமா. வாங்கோ, சுவரண்டை நின்னுண்டு பேசலாம்."

கொல்லைப்படி வரை வந்தார். சுவரின் வயிற்றைப் பார்த்தார். படியிறங்கவில்லை. "இங்கேர்ந்தே நன்னாத் தெரியறதே" என்றவர், "நாளைக்குக் கொத்தனாரை அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

மறுநாள் எல்லா ஓட்டைகளும் திறந்தன. சுவர் விழவில்லை. விழாததால், எப்படியும் விழுந்திருக்காது என்று காலனி முடிவு கட்டியது. கணவரும் அந்தக் கட்சியில் சேர்ந்தார். சில நாள் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தோன்றிய நாட்களிலும் தொட்டிலை வாசல் அறையில்தான் கட்டினேன்.