வலது பக்கம் திரும்பினால் கெட்டில்

பள்ளிப் பிள்ளைகள் எட்டுப் பேரை வேனில் ஏற்றிப் போகிறவருக்குப் பட்டறையில் வைத்த பெயர் கெட்டில் அக்கா. டேஷ்போர்டில் மின்னிய சிவப்பு ஆயில் விளக்கின் படத்தைப் பார்த்து, "கெட்டில்ல இருந்து ஒரு சொட்டு விழற மாதிரி இருக்குப்பா" என்று அவர் சொன்னதில் ஒட்டிக்கொண்ட பெயர்.

பட்டறை அவருடைய கொழுந்தனுடையது. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்து, அளவு சரிதான், சென்சார் கோளாறு என்றான். விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டி, "இனிமே கெட்டில் கொதிக்காது அண்ணி" என்று சிரித்தான்.

வாசலைத் தாண்டுமுன் அக்கா டேப்பை உரித்துப் போட்டார். வேன் ஓட்ட வருமுன் பதினோரு வருஷம் சட்டைக்குப் பட்டன் ஓட்டை போடும் மெஷினில் உட்கார்ந்தவர். நூல் அறுந்தால் அங்கேயும் சிவப்பு விளக்குதான். அதைத் துணி போட்டு மூடிய ஒருத்தி ஒரு கட்டுச் சட்டையையே பாழாக்கியதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்.

அன்று வெள்ளிக்கிழமை. இந்த மாதம் இரண்டு நாள் வேன் படுத்துவிட்டது. திங்கட்கிழமையும் வராவிட்டால் வேறு வண்டி பார்த்துக்கொள்வோம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அதற்காகக் காரணம் தெரியாமல் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மேட்டுச்சாலை ஏற அக்கா தயாராக இல்லை.

சனிக்கிழமை காலி வேனை எடுத்தார். பேப்பர் படிக்க விடவில்லை என்று முனகிக்கொண்டே கணவர் பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொண்டார். நேராகப் போனால் விளக்கில்லை. இடது பக்கம் திரும்பினாலும் இல்லை. வலது பக்கம் திரும்பும்போது மட்டும் மின்னியது. இரண்டாம் முறை மின்னியதுமே சந்தையின் சமமான சிமெண்டுத் தளத்தில் நிறுத்தி இன்ஜினை அணைத்தார்.

"வலது பக்கம் திரும்பினா மட்டும் சென்சாருக்குக் கோபம் வருமா?"

கணவர் தாம் குறித்ததை மறுபடி படித்தார். ஆயில் அடியில் இறங்கட்டும் என்று பத்து நிமிஷம் பொறுத்து அக்கா டிப்ஸ்டிக்கை உருவினார். நுனியில் மட்டும் ஈரம். கீழ்க்கோட்டைக்கூட எட்டவில்லை. நேற்று மேல்கோடு வரை நனைந்த அதே ஸ்டிக்.

அப்போதுதான் பட்டறைத் தரை ஞாபகத்துக்கு வந்தது. வண்டி கழுவும் தண்ணீர் ஓடுவதற்காகச் சரிவாகப் போட்ட தரை. வேன் அங்கே மூக்கைக் கீழே வைத்து நின்றால் இருக்கிற கொஞ்ச ஆயிலும் முன்னால் திரண்டு ஸ்டிக்கை நனைத்துவிடும். திருப்பத்திலோ அது ஒரு பக்கம் ஒதுங்க, பம்புக்கு ஆயில் எட்டாது.

வேனை ஓர் அடிகூட நகர்த்தாமல் கொழுந்தனை அங்கேயே வரவழைத்தார். அலுத்துக்கொண்டே வந்தவன் ஸ்டிக்கைப் பார்த்தான், துடைத்தான், மறுபடி பார்த்தான். பேசாமல் வண்டிக்கு அடியில் புகுந்தான். ஆயில் வடிக்கும் போல்ட்டின் வாஷர் நசுங்கி ஆயில் கசிந்து, இன்ஜினுக்கு அடியிலுள்ள தகட்டில் பரவிக் கிடந்தது. அதனால்தான் தரையில் கறையே இல்லை. வாஷரை மாற்றி, ஆயிலைக் கோடு வரை நிரப்பினான்.

"அந்தச் சரிவுல இதுவரைக்கும் எத்தனை வண்டிக்குப் பார்த்தேனோ அண்ணி" என்றான், குரல் இறங்கி.

"எண்ணிக்கிட்டு நிக்காத. ஒவ்வொருத்தரையா கூப்பிடு."

திங்கட்கிழமை மேட்டுச்சாலையின் வலது திருப்பத்தில் அக்கா வேகத்தைக் குறைக்கவில்லை. பின்னால் எட்டு வாய்களும் ஒரே இரைச்சல். முன்னால் டேஷ்போர்டு இருட்டாகவே இருந்தது. மணி அடிக்க நாலு நிமிஷம் இருக்கும்போது வேன் பள்ளி வாசலில் நின்றது.