அறுபத்தொரு பிளேட்டுகளும் ஒரு மகஜரும்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஜெபராஜ் இருபத்தெட்டு வருடமாக ஜோடி சேர்க்கிறார். வலது ஷூவையும் இடது ஷூவையும் டியூப் லைட்டுக்குக் கீழே பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தோலின் நிறமும் ரேகையும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துப் பெட்டிக்கு அனுப்பவேண்டும். ஒத்துப்போகாவிட்டால் அனுப்பக் கூடாது. இதில் அவரிடம் தயவு தாட்சண்யம் கிடையாது. கப்பல் போய்விடும் என்று மேனேஜர் கெஞ்சியும் ஒருமுறை நானூறு ஜோடியை நிறுத்திவைத்தவர். அப்படிப்பட்ட மனுஷன் போலீஸ் வண்டிகளின் நம்பர் பிளேட்டுகளைச் சேர்த்தார் என்றால், முன் பிளேட், பின் பிளேட் என்று ஜோடி பார்த்துத்தான் சேர்த்திருப்பார் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆரம்பித்தது ஒரு சைக்கிளில். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம், அவருடைய புது சைக்கிள் கம்பெனி வாசலிலேயே திருட்டுப் போனது. புகார் கொடுக்க ஸ்டேஷனுக்குப் போனார். எழுதுகிறவர் வரட்டும், மரத்தடியில் உட்கார் என்றார்கள். உட்கார்ந்தார். எதிரே ஒரு ஜீப் நின்றிருந்தது. காலை ஒன்பதரையிலிருந்து சாயங்காலம் நாலு மணி வரைக்கும் அந்த ஜீப்பின் நம்பர் பிளேட்டைத் தவிரப் பார்ப்பதற்கு அங்கே வேறொன்றும் இல்லை. கறுப்புத் தகரம், வெள்ளைப் பெயின்ட், மூன்று ஆங்கில எழுத்து, நாலு எண். எட்டின் மேல் வட்டம் கீழ் வட்டத்தைவிடப் பெரிசாக இருந்தது. நாலு மணிக்கு எழுதுகிறவர் வந்து, சைக்கிளுக்கு நம்பர் ஏதாவது உண்டா என்று கேட்டபோது ஜெபராஜின் வாயில் ஜீப்பின் நம்பர்தான் வந்தது. சைக்கிள் கிடைக்கவில்லை. நம்பர் மறக்கவில்லை.

ஒன்பது வருடம் கழித்து இஷாக் பாயின் காயலான் கடையில் ஃபேன் றெக்கை தேடப் போனவர், பழைய இரும்புக் குவியலில் அந்தத் தலை பெருத்த எட்டைப் பார்த்தார். கையில் எடுத்துத் துடைத்தார். பிறகு, இதோட ஜோடி எங்கே என்று கேட்டார்.

"தகரத்துக்கு இன்னா ஜோடி?" என்றார் பாய்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை குவியலைக் கிளறிப் பின் பிளேட்டையும் கண்டெடுத்தார். அன்றிலிருந்து விடவில்லை. கண்டமான, அதாவது இனி ஓட்ட லாயக்கில்லை என்று ஒதுக்கிய போலீஸ் வண்டிகளை வேலூரில் ஏலம் விடுவார்கள். எடுத்தவர்கள் இன்ஜினை ஒரு பக்கம், பாடியை ஒரு பக்கம் பிரித்து விற்பார்கள். நம்பர் பிளேட் யாருக்கும் வேண்டாம். ஜெபராஜுக்கு வேண்டும். பள்ளிகொண்டாவிலிருந்து வாணியம்பாடி வரைக்கும் காயலான் கடைக்காரர்கள் எல்லோருக்கும் அவர் போன் நம்பர் தெரியும்.

சேர்க்கச் சேர்க்க சரித்திரமும் சேர்ந்தது. கறுப்புத் தகரம் எந்தக் காலத்தில் வெள்ளையானது, மூன்று எழுத்து போய் டி.என். எப்போது வந்தது, சர்க்கார் வண்டி என்பதற்கான ஜி எழுத்து எங்கே உட்காரும், இங்கே ஓடுகிற ஜீப்புக்குச் சென்னை நம்பர் ஏன் இருக்கிறது என்றெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைத்தார். வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது ஊரே எந்த ஆபீஸ் எந்தப் பக்கம் போகும் என்று பேசிக்கொண்டிருந்தது. ஜெபராஜ் மட்டும், திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போன ஜீப்புகள் இன்னும் வேலூர் நம்பரோடுதான் ஓடுகின்றன என்று கவனித்து எழுதினார். உடைக்காமல் கழற்ற முடியாத புது மாதிரி பிளேட் வரப்போகிறது என்ற செய்தியைப் பேப்பரில் இரண்டு தடவை படித்தார். அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

மனைவி ஜெயபுஷ்பம் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர் இரண்டே நிபந்தனை போட்டிருந்தார். இயேசு படம் மாட்டிய சுவரில் பிளேட் வரக் கூடாது. துருத் தகரம் கையைக் கீறியிருந்தால் முதலில் ஊசி, பிறகுதான் சோறு. இரண்டையும் ஜெபராஜ் மீறியதில்லை.

இரண்டாயிரத்து இருபத்து மூன்றில் மாதனூர் பக்கம் ஹைவேயில் மூன்று பேர் கும்பல் ஒன்று கிளம்பியது. காக்கி பேன்ட், கறுப்புக் கண்ணாடி, 'காவல்' என்று எழுதிய வண்டி. தோல் ஏற்றி வருகிற லாரிகளை ஓரங்கட்டி, டிரைவர்களை இறக்கிவிட்டு, கையிலிருப்பதைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். போலீஸ் நம்பர் பிளேட் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டு எஸ்.ஐ. சங்கீதா இஷாக் பாயின் கடைக்கு வந்தார். பாய் யோசிக்கவே இல்லை. ஜெபராஜின் தெருவையும் வீட்டு நிறத்தையும் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து பதினொன்றரைக்கு வந்துவிடுவார் என்று நேரத்தையும் சொன்னார்.

பதினொன்றரைக்கு எஸ்.ஐ. வந்தார். கூடத்துச் சுவரைப் பார்த்தார். படுக்கையறையை எட்டிப் பார்த்தார். கூடத்துக்குத் திரும்பி வந்து, "இதெல்லாம் எதுக்கு சார் வச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

பதினெட்டு வருடமாக ஒருவரும் ஜெபராஜிடம் அப்படிக் கேட்டதில்லை. உறவுக்காரர்கள் சுவரைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள். கேட்டது போலீஸ் என்பதோ, வாசலில் ஜீப் நிற்கிறது என்பதோ, எதிர்வீட்டில் ஆறு பேர் நின்று பார்க்கிறார்கள் என்பதோ அவருக்கு உறைக்கவில்லை. எஸ்.ஐ.யை உட்காரச் சொல்லிவிட்டு சைக்கிளில் ஆரம்பித்தார். டீ வந்தது. இரண்டாவது டீயும் வந்தது. டி.என். காலம் தொடங்கும்போது எஸ்.ஐ. கையை உயர்த்தி, மிச்சத்தை ஸ்டேஷனில் சொல்லலாம் என்றார்.

பிளேட்டுகளை மொத்தமாக ஜீப்பில் ஏற்றினார்கள். ஜோடியைப் பிரிக்காமல் அடுக்குங்கள் என்று மட்டும் ஜெபராஜ் கேட்டுக்கொண்டார். கேட்டதற்காக அடுக்கினார்கள். அவர் ஏறுவதற்கு முன்னால் பின்பக்கம் போய் அந்த ஜீப்பின் நம்பரையும் பார்த்துக்கொண்டார். ஜெயபுஷ்பம் அவர் சட்டைப் பையில் ஆதார் கார்டையும் பிரஷர் மாத்திரையையும் வைத்து அனுப்பினார்.

கைப்பற்றிய பொருட்களின் பட்டியலான மகஜரை எழுத உட்கார்ந்தவர் ஏட்டு பஞ்சாட்சரம். ரிட்டயராக ஒரு வருடம் இருந்தது. இருபத்து நாலு ஜோடி, ஒத்தை பதின்மூன்று, ஆக அறுபத்தொன்று. 'பழைய நம்பர் பிளேட் ஒன்று' என்று எழுதத் தொடங்கியவரை ஜெபராஜ் நிறுத்தினார். முன் பக்கமா பின் பக்கமா, கை எழுத்தா ஸ்டிக்கரா, எத்தனை ஓட்டை என்று எழுதவில்லையென்றால் நாளைக்குக் கோர்ட்டில் மாறிப்போகும் என்றார். அதில் நியாயம் இருந்தது. ஏட்டு எழுதினார். மூன்று மணி நேரம் ஒருவர் சொல்ல, ஒருவர் எழுத, இருபத்தாறு பக்கம் வந்தது.

முப்பத்தொன்பதாவது பிளேட்டில் ஏட்டின் பேனா நின்றது. அது ஒத்தை. வெள்ளைத் தகரம், இடது ஓரம் உள்வாங்கியிருந்தது.

"இந்த வண்டிய நான் ஒம்போது வருசம் ஓட்டினேன்" என்றார்.

ஜெபராஜ் தன் நோட்டைப் பிரித்து, ஓரம் நசுங்கியது மரத்தில் மோதியா என்று கேட்டார். ரிப்போர்ட்டில் மரம் என்றுதான் இருக்கும் என்றார் ஏட்டு. உண்மையில் அது எருது விடும் விழா பந்தோபஸ்தில் நடந்தது. கூட்டத்தில் தப்பி வந்த காளை ஒன்று ஜீப்பின் மூக்கில் வந்து முட்டியது. அந்தக் காளை விழாப் பதிவில் இல்லாத காளை. இல்லாத காளை முட்டியது என்று எப்படி எழுதுவது? அதனால் மரம் ஆனது.

ஜெபராஜ் 'மரம்' என்பதை அடித்துவிட்டுக் 'காளை' என்று எழுதினார். பிறகு, இதன் பின் பிளேட்டை ஏழு வருடமாகத் தேடுவதாகச் சொன்னார். ஏட்டு, எஸ்.ஐ. இருக்கும் அறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"அது குடியாத்தத்துல என் வூட்டுல கீது. பாத்ரூம் கதவு கீழ உளுத்துப் போச்சு. எலி வருதுன்னு அடிச்சு வச்சேன்."

அதை மகஜரில் எழுதவில்லை.

சாயங்காலம் எஸ்.ஐ. சங்கீதா ஒரு கேமரா படத்தைக் காட்டினார். டோல்கேட்டில் எடுத்தது, கும்பலின் வண்டி. ஜெபராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது போலீஸ் நம்பரே இல்ல மேடம். கொசு மருந்து அடிக்கிற வண்டி நம்பர்."

விசாரித்ததில் அப்படித்தான் இருந்தது. ஜி எழுத்து இருந்தால் போதும் என்று, தெருவில் புகை விட்டுக்கொண்டு போன வண்டியைப் பார்த்து நம்பரை எழுதிக்கொண்டார்கள். அந்த வண்டி எந்தெந்தத் தெருவுக்குப் போகும் என்று பார்த்து, அந்த வட்டாரத்து ஸ்டிக்கர் கடைகளில் கேட்டதில், நாலாம் நாள் மூன்று பேரும் அகப்பட்டார்கள். எஸ்.ஐ. ஜெபராஜுக்கு போன் போட்டு நன்றி சொன்னார். பிளேட்டுகளை எப்போது வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று ஜெபராஜ் கேட்டார். மகஜர் கோர்ட்டுக்குப் போய்விட்டது. இனி கோர்ட் சொன்னால்தான் தர முடியும் என்றார் எஸ்.ஐ.

பதினாலு மாதம் ஆனது. சுவரில் பிளேட் இருந்த இடமெல்லாம் வெளுப்பாகவும் சுற்றிலும் அழுக்காகவும் அறுபத்தொரு கட்டம். ஜெயபுஷ்பம் பெயின்ட் அடித்துவிடலாமா என்று கேட்டார். ஜெபராஜ் வேண்டாம் என்றார். கம்பெனியில் அந்த வருடம் அவர் கையால் ஒரு ஜோடி மாறிப் பெட்டிக்குப் போனது. யாரும் கண்டுபிடிக்கவில்லை, அவரே போய் மேனேஜரிடம் சொன்னார். ராத்திரியில் சுவரைப் பார்த்து உட்காருகிற பழக்கம் வந்தது. ஜெயபுஷ்பம் தன் நாற்காலியையும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரிக் கதை ஏதாவது சொல்லுவார்.

கோர்ட்டில் இந்தப் பொருளுக்குச் சொந்தக்காரர் யார் என்று கேட்டார்கள். கண்டமான வண்டி, உரிமை கோரவில்லை என்று டிபார்ட்மென்ட் எழுதிக் கொடுத்தது. கேட்கும்போது கொண்டுவர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு அறுபத்தொன்றையும் தந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு கட்டி, மகஜர் வரிசைப்படி எண் போட்டிருந்தார்கள். மகஜரின் நகலையும் கேட்டு வாங்கி வந்தார். தன் நோட்டைவிட அது தெளிவாக இருக்கிறது என்று ஜெயபுஷ்பத்திடம் ஒப்புக்கொண்டார்.

மறு வாரம் முப்பத்தொன்பதாம் எண்ணையும் ஒரு ஸ்குரூடிரைவரையும் ஒரு துண்டு அலுமினியத் தகட்டையும் பையில் போட்டுக்கொண்டு குடியாத்தம் பஸ் ஏறினார். பஞ்சாட்சரம் அதற்குள் ரிட்டயராகி, கைலியோடு வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். உட்காரக்கூடச் செய்யாமல் ஜெபராஜ் பாத்ரூம் கதவைப் பார்க்கப் போனார். பிளேட் தலைகீழாக, பன்னிரண்டு ஆணியோடு இருந்தது. அதே எழுத்து, அதே கை.

தகட்டை அடித்துத் தருகிறேன், இதைக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டார். பஞ்சாட்சரத்துக்குச் சம்மதம்தான். அவர் மனைவி முத்துமாரிக்கு இல்லை.

"ஆணியப் புடுங்கினா கதவே கையோட வந்துடும்ணா. எட்டு வருசமா எலி தொல்ல இல்லாம இருக்கறோம்."

ஜெபராஜ் குனிந்து கதவைத் தட்டிப் பார்த்தார். அந்தம்மா சொன்னது சரி. உளுத்த மரம், பிளேட்தான் கதவைப் பிடித்து வைத்திருந்தது. எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். பிறகு பையிலிருந்து முன் பிளேட்டை எடுத்து பஞ்சாட்சரத்தின் கையில் கொடுத்தார்.

"அது வர முடியாதுன்னா இது இங்க இருக்கட்டும். ஒத்தையா வச்சிக்கிறது எனக்கு சரிப்படல."

பஞ்சாட்சரம் நசுங்கிய ஓரத்தைக் கட்டை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். முத்துமாரி மூன்று பேருக்கும் இலை போட்டார். சாப்பிடுவதற்கு முன்னால் ஜெபராஜ் ஒரு தாளை நீட்டினார். கோர்ட் கேட்டால் கொண்டுவந்து தருவதாக முன்னாள் ஏட்டு பஞ்சாட்சரம் அதில் கையெழுத்துப் போட்டார். அன்று கருவாட்டுக் குழம்பு. இரண்டாவது தடவையும் போட்டுக்கொண்டு, மூன்றரை மணி பஸ்ஸில் ஜெபராஜ் ஆம்பூர் திரும்பினார்.